கிரீஸ் மாற்றிய பின் சைக்கிளின் பின்சக்கரம் இறுகுகிறதா?

ஆக்ஸிலில் திருகி பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டுதான் கோன். அதைக் கொஞ்சம் லூஸாக விட்டுவிட்டு, அதை நகராமல் பூட்டும் வெளி நட்டான லாக்நட்டை இறுக்குங்கள். கிரீஸ் மாற்றியதிலிருந்து சக்கரம் இறுகிச் சுற்றுகிறது என்றீர்களே, பெரும்பாலும் நட்டை முறுக்கும்போது கோனும் கூடவே திரும்பி உள்ளே போயிருக்கும். மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சாதா ஸ்பேனர் தடிமன், அங்கே நுழையாது.

அப்புறம் ஆக்ஸிலை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்று தட்டினால் கோனைக் கழற்றி, குண்டு ஓடும் தடத்தில் டார்ச் அடியுங்கள். பொடிப் பள்ளம் தெரிந்தால் எத்தனை கிரீஸ் அப்பினாலும் பயனில்லை. கோனோடு குண்டுகளையும் மாற்றிவிடுங்கள். பின்பக்கம் பெரும்பாலும் கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 9.

குயிக் ரிலீஸ் ஆக்ஸில் (ஸ்பேனர் இல்லாமல் லீவரால் சக்கரத்தை இறுக்கும் வகை) என்றால் துளி ஆட்டம் மிச்சம் வையுங்கள். லீவரை மூடும்போது அது அடங்கிவிடும்.