டைரி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய கிராணியின் பதில்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதிய கை சும்மா இருக்காமல் கதையும் டைரியும் எழுதிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பழக்கம் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐயா, ஒவ்வொரு வருஷமும் டைரி வாங்குகிறேன். ஜனவரியோடு நின்றுவிடுகிறது. வேலை, வீடு, தூக்கம்; இதில் எழுத என்ன இருக்கிறது?

பதில்: டைரியில் மனசைக் கொட்ட வேண்டும் என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள், தம்பி. அதுதான் சீக்கிரம் சரக்கு தீர்ந்துவிடுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் எழுத ஆரம்பித்தவர், 1761-இல் சாகிற வருஷம் வரை விடவில்லை. எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், எவன் யார் மேல் கோள் சொன்னான், வியாபாரம் எப்படி? எல்லாம் பேச்சுத் தமிழில். இலக்கணம் பற்றி மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுத உட்காருகிற ஆய்வாளர்கள் இன்றைக்கும் அவரைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆகவே, 'இன்று மனம் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'மூன்று மணிக்கு மழை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி கோயில் திருப்பத்தில் புதைந்து நின்றது. கோப்பிக்கடையில் தே தாரேக் இருபது காசு ஏறிவிட்டது. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமலே மீதியைக் கொடுத்தார்.' இவ்வளவு போதும். மனம் சரியில்லாதது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் போன கதையை எங்கள் அத்தை சொல்வார். அதை எழுதி வைத்து என்ன பயன்?

பதில்: இன்றைக்கே எழுதுங்கள் அம்மா. 1942-43-இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஒளித்து வைத்து எழுதிய குறிப்புகள் பின்னால் புத்தகங்களாக வந்தன. தோட்டத்திலிருந்து போன நம் ஆட்கள் பட்டதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றுபோனது. அத்தை பேசுவதைப் போனில் பதிவு செய்து, அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். பெரட்டு (விடிகாலை ஆள் கணக்கெடுப்பு), லயம் (தொழிலாளர் வரிசை வீடு), மங்கு (கிண்ணம்) என்று அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இருக்கட்டும். திருத்தப் போகாதீர்கள். அப்புறம், யார் சொன்னது, எந்தத் தேதி என்பதை மேலே குறிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, அண்ணே. நாவல் எழுத ஆசை. நேரம்தான் இல்லை.

பதில்: ஆன்டனி ட்ரொலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிக் காப்பி கொடுக்கிற கிழவருக்கு அதற்கென்றே வருஷம் 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல்; எழுதிய பக்கங்களுக்குத் தனிக் கணக்கு. இப்படியே 47 நாவல். பெரட்டுக்கு எழுந்து பழகிய ஜனம் நாம், இது நமக்குப் புதிதா? ஷிப்ட் மாறினால் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தை மட்டும் விடாதீர்கள். 250 வராவிட்டால் 50.

கேள்வி: எனக்கு 61 வயது. இனிமேலா எழுதுவது?

பதில்: உ.வே.சா. தன் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தது 1940-இல். அவர் பிறந்தது 1855. கழித்துப் பாருங்கள்.

கேள்வி: பத்திரிகைக்கு அனுப்பிய கதைக்குப் பதிலே இல்லை.

பதில்: அடுத்ததை எழுதுங்கள். நகல் கையில் இருக்கிறதல்லவா?

கேள்வி: எந்த நோட்டு, எந்தப் பேனா நல்லது?

பதில்: தையல் போட்ட கெட்டி அட்டை நோட்டு, சாதாரணப் பால்பாயிண்ட் பேனா. மை பேனா வேண்டாம், ஒழுகுகிற கூரையடியில் ஒரு சொட்டு பட்டாலும் பக்கம் போச்சு. கடை ரசீதை ஒட்டுகிற பழக்கம் இருந்தால் ஜாக்கிரதை. அது சூட்டில் எழுத்து விழுகிற காகிதம், சில வருஷத்தில் வெளுத்துவிடும். விலையைப் பக்கத்தில் கையால் எழுதி வையுங்கள். நோட்டைத் தரையில் வைக்காதீர்கள், கரையான் வரும்.