தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகள் ஏன் மெலிந்துபோயின?

"அம்மா வாங்கிய பெண்கள் பத்திரிகைகள் இப்போது ஏன் கடையில் கண்ணில் படுவதில்லை, யாரும் படிப்பதில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கிறார்கள். மாறியது பணம் வரும் வழி.

பொதுவாக ஓர் இதழின் விலை, அதன் காகிதம், அச்சு, ஏஜென்ட் கமிஷன் எல்லாவற்றையும் ஈடுகட்டாது. மீதியைக் கொடுப்பது விளம்பரம். ஆடி, தீபாவளி வந்தால் தி.நகர் பட்டுப்புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் பக்கம் பக்கமாக வாங்கும். அந்தக் காசில்தான் கோலம், சமையல் என்று இலவச இணைப்புப் புத்தகங்கள் வந்தன. இப்போது அதே கடைகள் தங்கள் புடவைகளை இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டரும் எடுக்கின்றன. பிளவுஸ் டிசைனுக்குப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்து டெய்லரிடம் கொடுத்த காலம் போய், போனை நீட்டுகிறோம்.

2020 ஊரடங்கில் கடைகளும் விநியோகமும் முடங்கின. கல்கி குழுமத்தின் மங்கையர் மலர் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது அந்த ஆண்டில்தான். 1998இல் தொடங்கிய அவள் விகடன் அச்சோடு இணையத்திலும் வருகிறது.

ஃபேஷன் பக்கம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது ரீல்ஸில் இன்னும் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் வாசகிகளின் கடிதங்கள், சட்ட ஆலோசனை, மகப்பேறு மருத்துவரிடம் பெயர் சொல்லாமல் கேட்ட கேள்விகள்... வீட்டில் வாய்திறக்க முடியாதவளுக்கு அந்த நாலு பக்கம்தான் துணை. அதற்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. முடிந்தால் சந்தா கட்டுங்கள்.