வகுப்பு தொடங்கும் முன்பே மருத்துவப் புத்தகங்களை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதலாண்டுப் புத்தகங்கள் மொத்தத்தையும் ஒரே செட்டாக 22,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். இந்த வாரத்துக்குள் வாங்கினால்தான் தள்ளுபடியாம். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா?
– திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்துகள். நகையை வைக்காதீர்கள் அம்மா. அந்த செட்டும் வேண்டாம். கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆகும் வரை ஒரு பாடப்புத்தகம்கூட வாங்கத் தேவையில்லை.

முதலாண்டில் அனாட்டமி (உடற்கூறியல்), ஃபிசியாலஜி (உடலியங்கியல்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்) என்று மூன்று பாடங்களில்தான் பல்கலைக்கழகத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் நல்ல புத்தகங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் எதைப் பின்பற்றுவது என்று கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் மாறும். துறையில் எதைச் சொல்கிறார்கள், சீனியர்கள் எதைப் படித்துத் தேறினார்கள் என்பதெல்லாம் உள்ளே போன பிறகுதான் தெரியும். பாடம் வேகம் பிடிப்பதற்கு முன்னால் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்ற அறிமுக வகுப்புகள் வேறு இருக்கின்றன. எனவே காத்திருப்பதால் அவள் எதிலும் பின்தங்கிவிட மாட்டாள்.

செட்டாக வாங்குவதில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 'கிரேஸ் அனாட்டமி' என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1858இல் லண்டனில் முதலில் வெளிவந்த புத்தகம் அது. இன்றைக்கு அந்தப் பெயரில் இரண்டு புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன. ஒன்று, அறுவை சிகிச்சை நிபுணர்களும் பேராசிரியர்களும் புரட்டிப் பார்க்கும் மிகப் பெரிய நூல். மற்றது 'கிரேஸ் அனாட்டமி ஃபார் ஸ்டூடன்ட்ஸ்', மாணவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஆசையாகப் பெரியதை வாங்கி வந்து, ஆண்டு முழுக்க விடுதி அலமாரியில் பிரிக்காமலே வைத்திருந்த பிள்ளைகள் உண்டு. அதை வாங்கித் தந்த பெற்றோரை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அனாட்டமிக்கு நம் பிள்ளைகள் பலர் படிப்பது பி.டி. சௌராசியாவின் புத்தகம். அது தொகுதி தொகுதியாக வருகிறது. கையும் மார்பும் முதல் தொகுதி. காலும் வயிறும் இடுப்பும் இரண்டாவது. தலையும் கழுத்தும் மூன்றாவது. மூளைக்குத் தனித் தொகுதி. பல கல்லூரிகளில் உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் டிசெக்‌ஷன் கையில்தான் தொடங்கும். சிலர் காலில் தொடங்குவார்கள். எதில் தொடங்குகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த ஒரு தொகுதியை மட்டும் வாங்கினால் போதும், முதல் சில வாரங்கள் அதிலேயே ஓடிவிடும். அடுத்தது அடுத்த மாதச் செலவு. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பணம் புரட்ட வேண்டியதில்லை.

ஃபிசியாலஜியில் கைட்டன் எழுதிய புத்தகம் நன்றாக விளக்கும், ஆனால் நீளம். தெற்காசியப் பதிப்பு என்று தனியாக ஒன்று வருகிறது, கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் இன்னும் பழக வேண்டிய பிள்ளைக்கு செம்புலிங்கம் தம்பதியின் புத்தகம் எளிதாக இருக்கும் என்பது என் அனுபவம். இரண்டையும் நூலகத்தில் எடுத்து, ஒரே தலைப்பை, இதயத் துடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது புரிகிறதோ அது அவளுடைய புத்தகம். அறைத்தோழி வாங்கினாள் என்பதற்காக வாங்க வேண்டாம். பயோகெமிஸ்ட்ரிக்கும் இதே வழிதான்.

பழைய புத்தகம் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். எலும்பும் நரம்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. ஆனால் 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றப்பட்டது, அதற்குப் பின் வந்த பதிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியர்களிடம் கேட்டாலே பாதி கிடைத்துவிடும். சென்னைப் பக்கம் யாராவது போனால் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் கடைகளிலும் பார்க்கலாம். ஜெராக்ஸ் போட்ட அனாட்டமி புத்தகத்தை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். படங்களில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று நிறம் கொடுத்திருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அனாட்டமி படிக்கத் தேவைப்படும் எலும்புகளையும் வெளியே விலைக்கு வாங்க வேண்டாம். துறையில் இருக்கும்; சீனியர்களிடமிருந்தும் கைமாறி வரும். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருந்தால், பாடப்புத்தகங்களைப் படிக்கக் கொடுக்கும் புத்தக வங்கித் திட்டம் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது அவளுக்கு உரியது. கையில் இருக்கும் பணம் வெள்ளை கோட், டிசெக்‌ஷன் பெட்டி, ரெக்கார்டு நோட்டு ஆகியவற்றுக்கு வேண்டியிருக்கும்.

சரி, இந்த மூன்று வாரம் அவள் என்னதான் செய்வது? தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் சில மாதங்கள் திணறுவது பாடத்தால் அல்ல, சொற்களால். நேற்று வரை 'சிறுநீரகம்' என்று படித்தவள் இனி 'ரீனல்', 'நெஃப்ரோ' என்று கேட்கப் போகிறாள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை அரசு இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினம் ஒரு பாடம் படிக்கட்டும். ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதட்டும்: ஹெப்பட்டோ என்றால் கல்லீரல், கார்டியோ என்றால் இதயம், ஆஸ்டியோ என்றால் எலும்பு, மயோ என்றால் தசை, 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இப்படி நூறு சொல் சேர்ந்தால், முதல் வகுப்பில் பேராசிரியர் பேசுவது அவளுக்கு அந்நியமாக இருக்காது. இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான்.

அந்தக் கடைக்காரர் சொல்லும் தள்ளுபடியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றி இருக்கும் கடைகளிலும் மாணவர்களுக்குக் குறைத்துத் தருவார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் குறையும். முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மொத்த செட்டுக்குப் பதிலாக, வகுப்பு தொடங்கிய பின் அவள் சொல்லும் புத்தகத்துக்கு அதைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.