மார்ச்சில் சாமிக்குப் பூ எங்கே எடுப்பது?

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில், ரூஜ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அம்மாவுக்கு இதுதான் முதல் குளிர்காலம். ஊரில் விடியவே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துச் சாமிக்கு வைத்துப் பழகியவர். இங்கே மாதக்கணக்கில் கடைப்பூதான், அதுவும் மூன்று நாளில் வாடிவிடுகிறது. ஸ்னோ கரையத் தொடங்கிவிட்டது. காட்டுப் பாதையோரம் பூத்தால் அம்மா நாலு பூ பறிக்கலாமா? இல்லையென்றால் வீட்டுக்குள் இப்போதே பூ வரவழைக்க வழி உண்டா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்கு இந்த வாரமே கத்தரிக்கோல் எடுக்கலாம்.

உங்கள் வளவிலோ, கேட்டால் தரக்கூடிய அயலவர் வளவிலோ ஃபோர்சித்தியா நிற்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் கடைசியில் இலை வருமுன்னமே செடி முழுக்க மஞ்சளாகப் பூக்குமே, அதுதான். அதன் பூமொட்டுகள் போன கோடையிலேயே கட்டியாகிவிட்டன. சில வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் அவற்றின் உறக்கம் கலையும். மார்ச்சுக்குள் அந்தக் குளிர் பட்டு முடிந்துவிடும்; இனித் தேவை சூடு மட்டும்தான்.

உறைநிலைக்கு மேலே வெப்பம் ஏறிய ஒரு பகலில், பென்சில் தடிப்பில், கை நீளத்துக்கு நாலைந்து கிளை வெட்டுங்கள். ஒன்றைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு எதிரெதிராக மொட்டுகள் இருக்கும். கொத்தாக, வயிறு பருத்து நிற்பவை பூமொட்டு. மெலிந்து தண்டோடு ஒட்டிக் கிடப்பவை இலைமொட்டு. பருத்தவை நிறைந்த கிளையாகத் தேடி எடுங்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் அது பட்டுப்போன கிளை.

குளியல் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, கிளைகளை ஓர் இரவு முழுக்க அமிழ்த்தி வையுங்கள். காலையில் அடியைச் சரிவாக இன்னொரு முறை வெட்டி, உயரமான சாடியில் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். அடித்தண்டைச் சுத்தியலால் நசுக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், நசுங்கிய நார் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். ஹீட்டர் காற்று படாத, நேர்வெயில் விழாத, வெளிச்சமான மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். ஏழு முதல் பத்து நாளில் மொட்டு வெடிக்கும். ஒரே நாளில் எல்லாக் கிளையையும் வெட்டாமல் வாரத்துக்கு நாலாக வெட்டி வந்தால், வெளியே செடி பூக்கும்வரை சாமிப்படத்துக்கு முன்னால் மஞ்சள் குறையாது. செர்ரி, ஆப்பிள் கிளைகளும் இப்படியே பூக்கும். இன்னும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபோர்சித்தியாவைப் பூத்து முடிந்த கையோடு கத்தரிக்க வேண்டும். ஒக்டோபரில் வளவு துப்பரவாக்கும்போது உருட்டி வெட்டினால் அடுத்த வருடப் பூ முழுக்கக் குப்பைப் பைக்குள் போய்விடும். "எங்கள் செடி பூக்கிறதே இல்லை" என்று நேர்சரிக்கு வந்து சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது வெட்டினீர்கள் என்றுதான்.

இனிக் காட்டுக்கு வருவோம். அங்கே ஒரு பூவும் பறிக்க வேண்டாம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, அங்கே செடிகொடி எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். 1937 முதல் ஒன்ராறியோ மாகாணத்தின் மலராக இருக்கும் வெள்ளை ட்ரில்லியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பு இழுத்துப்போய்ப் போட்ட விதை, முதல் குளிர்காலம் கழிந்து வேர் மட்டும் விடும். இரண்டாவது குளிர்காலம் கழிந்துதான் இலை மண்ணுக்கு மேலே வரும். முதல் பூவுக்கு ஏழு வருடம், சிலவேளை அதற்கும் மேலே. மேப்பிள் மரங்கள் இலை விரித்து நிழல் கட்டுவதற்குள் கிடைக்கும் சில வார வெயில்தான் அதன் வருடத்துச் சாப்பாட்டில் பெரும் பங்கு. பூவோடு சேர்த்து அந்த மூன்று இலையையும் ஒடித்தால் கிழங்கு பட்டினி கிடக்கும். பல வருடம் பூக்காமல் போகலாம், செத்தும் போகலாம். ஊரில் நந்தியாவட்டை நாளைக்கும் பூக்கும் என்ற நம்பிக்கையில்தானே பறித்தோம். இந்தச் செடியிடம் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், நிச்சயம் விளங்கிக்கொள்வார்.

பார்ப்பதற்கோ அங்கே நிறைய உண்டு. ஏப்ரல் நடுவில் பிளட்ரூட் வரும். கைக்குழந்தையைத் துவாயால் சுற்றியதுபோல, ஒற்றை இலை தண்டைச் சுற்றிப் பிடித்திருக்க, வெள்ளைப் பூ மட்டும் தலை நீட்டும். இதழ்கள் சில நாளில் உதிர்ந்துவிடும். பிறகு புள்ளி விழுந்த இலையோடு மஞ்சள் ட்ரவுட் லில்லி, மே தொடக்கத்தில் ட்ரில்லியம். பாதையை விட்டு இறங்காதீர்கள், முளைகள் சருகுக்குக் கீழே இருக்கும். வெப்பம் 4 பாகைக்கு மேலே போனாலே உண்ணிகளும் நடமாடும். ரூஜ் பகுதியில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு. காற்சட்டைக் காலைச் சொக்ஸுக்குள் செருகி, வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். சேலையோடு நடக்க அம்மா ஆசைப்பட்டாலும் அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

கடையில் வாங்குவதானால் கொத்துப் பூவை விட, மொட்டாக இருக்கும் டாஃபடில் சாடி நல்லது. இரவில் குளிரான அறைக்கு மாற்றினால் கூடுதல் நாள் நிற்கும். வீட்டில் பூனை இருந்தால் ஈஸ்டர் லில்லியை உள்ளே எடுக்கவே கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும். ஊர்ப் பூவேதான் வேண்டுமென்றால் செவ்வரத்தைச் சாடி ஒன்றைத் தெற்குப் பார்த்த யன்னலில் வையுங்கள். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காத காலம் வந்தபிறகு வெளியே வைக்கலாம்.

அம்மாவைக் காட்டுக்குக் கூட்டிப்போக வெயிலுள்ள நாளாகப் பார்த்து, பத்து மணிக்குப் பிறகு போங்கள். மப்பு நாளிலும் விடியப்புறத்திலும் பிளட்ரூட்டும் ட்ரவுட் லில்லியும் இதழை மூடிக்கொண்டுதான் இருக்கும்.