பத்து வயது டெஸ்க்டாப்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: 2015-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-4460 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வேலை தொடங்கவே ஐந்தாறு நிமிடம் ஆகிறது. எக்செல் கணக்கு, இமெயில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் உபயோகம். ‘மதர்போர்டு பழசு, மொத்தமாக மாற்றிவிடுங்கள், பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார் கடைக்காரர். ‘ரேம் மட்டும் போட்டால் போதும்’ என்கிறார் நண்பர். விண்டோஸ் 10-க்கு ஆதரவும் முடிந்துவிட்டதாம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (தகவலைச் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். அதோடு ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். அதற்கு மேல் இந்தக் கணினியில் ஒரு காசும் போடாதீர்கள். விண்டோஸ் விவகாரம் தனி. அதற்குக் கீழே வருகிறேன்.

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, உங்கள் கணினியையே கேட்கலாம். நாளைக் காலை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால் சிபியு (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். சிபியு 20, 30 சதவீதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதே இடத்தில் கீழே படிக்கும் வேகத்தையும் பாருங்கள். 100 சதவீதம் என்று காட்டும்போதே நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி என்றுதான் இருக்கும். வியாதி அங்கேதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. கேட்ட தகவல் இருக்கும் இடம் அதைப் படிக்கும் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக 4 மில்லிநொடி, ஊசி அந்த வட்டத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லிநொடி. ஆக, நொடிக்கு எண்பது, நூறு முறை படித்தால் அதுவே அதிகம். விண்டோஸ் தொடங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. நிமிடக்கணக்கில் ஆகாமல் என்ன செய்யும்? எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்குப் பல ஆயிரம் முறை படிக்கும். இதை விட்டுவிட்டு ரேமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ மாற்றுவது, கால் சுளுக்கியவருக்குப் புதுச் சட்டை வாங்கித் தருவது போலத்தான்.

கடையில் கேட்கும்போது ‘2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி’ என்று கேளுங்கள். சாட்டா என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க் இப்போது மாட்டியிருக்கும் அதே இணைப்பு. ‘என்விஎம்இ இதைவிட ஆறு மடங்கு வேகம்’ என்று ஆசை காட்டுவார்கள். வேகம் உண்மைதான், ஆனால் அது போர்டிலேயே நேராகச் செருகும் எஸ்எஸ்டி; உங்கள் காலத்து போர்டில் பெரும்பாலும் அதைச் செருக இடமே இருக்காது. அடாப்டர் கார்டு வைத்துச் செருகினாலும் அந்த போர்டின் பயாஸுக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கப் பெரும்பாலும் தெரியாது. 500 ஜிபி அளவில், மூன்று வருட வாரன்ட்டியாவது உள்ள, பெயர் தெரிந்த பிராண்டு போதும். மலிவு விலையில் ‘4 டிபி’, ‘8 டிபி’ என்று வருபவற்றைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவு காட்டும்படி மென்பொருளை மாற்றியிருப்பார்கள். நிரம்பும் வரை எல்லாம் சரியாகத் தெரியும், அப்புறம் பழைய கோப்புகள் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

பொருத்தும்போது போர்டில் சாட்டா இணைப்புகளைக் கவனியுங்கள். உங்கள் பிராசசருக்கு அன்று பெரும்பாலும் எச்81 சிப்செட் போர்டைத்தான் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நான்கு சாட்டா இணைப்புகள் இருக்கும். இரண்டின் வேகம் 6 ஜிகாபிட், மற்ற இரண்டின் வேகம் 3 ஜிகாபிட். போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எஸ்எஸ்டி 6 ஜிகாபிட் இணைப்பில் இருக்க வேண்டும். பழையதை அப்படியே குளோன் (அச்சு அசலான நகல்) செய்யாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல். பத்து வருடக் குப்பையும் கூடவே வர வேண்டாமே. போர்டு அதேதான் என்பதால், முன்பு முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். போர்டை மாற்றினால் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். ‘மொத்தமாக மாற்றுங்கள்’ என்பவர் இந்தச் செலவைச் சொல்லியிருக்க மாட்டார்.

ரேமுக்கு வருவோம். உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய ரகம். டிடிஆர்4-ஐ அந்த ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தாலே தெரியும், வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உட்காராது. இன்னொரு 4 ஜிபி வாங்கிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஜோடியாக வேலை செய்யும். 8 ஜிபி ஒரே ஸ்டிக் மிக மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் அதன் மேல் ‘ஏஎம்டி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடும் டிடிஆர்3 என்று ஒரு ரகம் சந்தையில் உலவுகிறது. உங்கள் இன்டெல் போர்டில் அதைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். உடனே ‘பார்த்தீர்களா, போர்டு போய்விட்டது’ என்பார் அதை விற்றவரே.

இனி விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. கணினி நின்றுவிடாது, வழக்கம்போல் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் வசதி) வேண்டும் என்கிறார்கள். உங்களுடையது 4-ஆம் தலைமுறை. எக்செல்லும் வீடியோ அழைப்பும் தாராளமாக ஓடக்கூடிய நான்கு கோர் பிராசசரை ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஒரு பக்கம் மைக்ரோசாஃப்டின் சுற்றுச்சூழல் அறிக்கை, இன்னொரு பக்கம் இது.

இந்தக் குழப்பத்தில் ஒரு வியாபாரம் நடக்கிறது: டிபிஎம் மாட்யூல். ‘இந்தச் சின்ன சிப்பைச் செருகினால் விண்டோஸ் 11 வந்துவிடும்’ என்று விற்கிறார்கள். டிபிஎம் இருந்தாலும் உங்கள் பிராசசர் பட்டியலில் இல்லாததால் தடை அப்படியேதான் இருக்கும். 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பின்னரோ உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் டிபிஎம் பிராசசரோடு சேர்ந்தே இருக்கிறது. பயாஸில் ‘பிடிடி’ அல்லது ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் அணைந்து கிடக்கும். ஆன் செய்தால் போதும். ஆக, அந்த மாட்யூல் இரு தரப்புக்கும் தேவையில்லை. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. முடியும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்று அவரும் சொல்ல முடியாது, மைக்ரோசாஃப்டும் சொல்லாது. கணக்கு வழக்கு வைத்திருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு நேர்வழிகள் உண்டு. விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். தனிநபர்களுக்கு அதை 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு வரும். யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. இன்னொரு வழி லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். பிரவுசருக்கும் இமெயிலுக்கும் அருமையாக ஓடும். எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆஃபிஸ். உங்கள் கணக்குக் கோப்புகளில் மேக்ரோ (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால் மட்டும் முதலில் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த ‘மொத்த மாற்றம்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘ஐ7 கணினி, இவ்வளவு மலிவா!’ என்று மயக்குவார்கள். ஐ5, ஐ7 என்ற பெயர் மட்டும் ஒன்றும் சொல்லாது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-4460 என்றால் 4-ஆம் தலைமுறை. ஐ7-3770 என்றால் 3-ஆம் தலைமுறை, உங்களுடையதைவிடப் பழசு. ஐ5-12400 என்றால் 12-ஆம் தலைமுறை. இதுபோன்ற டெஸ்க்டாப் பிராசசர்களில் ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டும், நான்கு இலக்கம் இருந்தால் முதல் ஒன்றும் தலைமுறையைக் குறிக்கும். பில்லில் ‘ஐ7 பிராசசர்’ என்று மட்டும் எழுதித் தந்தால் முழு எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் புதிய மாடல் பெயரைக் காட்ட வைத்து விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வேலைக்குக் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்பதால் அதை விடுவோம்.

எக்ஸ்சேஞ்சில் பழைய கணினியைக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். ‘ஃபார்மேட் செய்துவிடுகிறேன்’ என்ற வாக்கு செல்லாது. குவிக் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வங்கி விவரம் முதல் குடும்பப் படங்கள் வரை எடுத்துவிடலாம். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

உங்களுடையது அசெம்பிள் செய்தது என்பதால் அடுத்து சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் இதில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம் என்பதால் சொல்கிறேன். பெரிய நிறுவனங்கள் ஒரே பெட்டியாக விற்கும் டெஸ்க்டாப், அதுவும் ஒல்லியான ரகம் வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்டி, ரேம் தவிர எதையும் மாற்றத் துணியாதீர்கள். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போர்டுக்கு வழக்கமான 24 பின் கேபிளுக்குப் பதிலாக அந்த நிறுவனத்துக்கே உரிய சின்ன கேபிள் போகும். கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ் சேராது. டிஸ்க்குக்கான மின்சாரமும் போர்டிலிருந்தே ஒரு சிறு கேபிளில் வரும், எஸ்எஸ்டி போடும் முன் அதில் இன்னொரு முனை இருக்கிறதா பாருங்கள். போர்டின் வடிவம் வேறு, முன்பக்கப் பட்டனின் இணைப்பு வேறு. சில மாடல்களில் கேபினட் ஃபேனைக் கழற்றினாலே ஒவ்வொரு முறையும் ஃபேன் பழுது என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லும். வேறு கேபினட்டுக்கு மாற்றலாம் என்று இறங்கி, அடாப்டர் மேல் அடாப்டர் வாங்கி, கடைசியில் புதிய கணினிக்கான பணத்தையே செலவழிப்பார்கள். அந்தப் பெட்டி இருக்கும்வரை இருக்கட்டும். போனால் பெட்டியோடு போகட்டும்.

சரி, உங்கள் கணினியை எப்போது கைவிடுவது? போர்டில் நிற்கும் உருளை கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, சும்மா இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆனாலோ பணம் போடாதீர்கள். தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும். எஸ்எஸ்டி போட்ட பிறகும் உங்கள் அன்றாட வேலையில் சிபியு 90-க்கு மேலேயே நிற்கிறது என்றால், அன்றுதான் பிராசசரின் காலம் முடிந்தது என்று அர்த்தம். அப்போது போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எஸ்எஸ்டி புதியதற்கு அப்படியே வரும். பத்து வருட எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் புதிய போர்டில் மாட்டாதீர்கள், அது போகும்போது தனியாகப் போவதில்லை. மானிட்டரில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதிய போர்டில் அது இல்லாமல் போகலாம்.

இப்போதைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுக்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (படிக்கத் தடுமாறும் பகுதிகள்) வரிசையில் எச்சரிக்கை நிறம் தெரிந்தால், மற்ற வேலையெல்லாம் அப்புறம். அன்றே கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நன்றாக இருந்தாலும் எஸ்எஸ்டி போட்ட கையோடு அதை அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழற்றி அலமாரியில் வையுங்கள். பிரவுசர் புக்மார்க், பழைய இமெயில் கோப்பு, எழுத்துரு என்று காணாமல் போனது எதுவும் அதில்தான் இருக்கும்.