முட்டை அடுப்புக்கு எந்தக் கம்பி?

கேள்வி: அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து முட்டை வடிவப் பீங்கான் கரி கிரில் ஒன்றைச் சல்லிசாக வாங்கினோம். பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இறைச்சியை வைக்கிற வட்டக் கம்பி கிரேட் துருப்பிடித்து, மேல்பூச்சு செதில் செதிலாக உரிகிறது. புதிது வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் வார்ப்பிரும்பு, 304, 430, எனாமல் பூசியது என்று தலை சுற்றுகிறது. எல்லாமே '18 அங்குலம், எல்லா கிரில்லுக்கும் பொருந்தும்' என்கின்றன. வாரம் ஒருமுறை தந்தூரி சிக்கன், மீன், சோளம் செய்வோம், எப்போதாவது ஸ்டேக். எதை வாங்குவது?

பதில்: ஜப்பானியக் களிமண் அடுப்பான கமாடோவின் வம்சம் உங்கள் கிரில். இந்த வகை கிரில் செய்கிற 'பிக் கிரீன் எக்' நிறுவனம் 1974-ல் தொடங்கியதே உங்கள் அட்லாண்டாவில்தான். அதனால் உதிரி பாகத்துக்கு உங்கள் ஊரில் பஞ்சம் இருக்காது. பூச்சு உரிகிற அந்தக் கம்பியில் மட்டும் இனி சமைக்காதீர்கள். துரு தேய்த்தால் போய்விடும். உரிகிற பூச்சு கோழியோடு தட்டுக்கு வந்துவிடும்.

உலோகத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் டேப்பை எடுங்கள். கிரில் நன்றாக ஆறியிருக்கும்போது கிரேட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். கிரேட் உட்காருவது ஒரு பீங்கான் வளையத்தின் மேல். அந்த வளையத்தின் உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள். பிறகு அதே உயரத்தில், கிரில்லுக்கு உள்ளேயே, வெளிச்சுவரின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளந்து எழுதுங்கள். புதுக் கம்பியின் விட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். முதல் அளவைவிடச் சிறிதானால் கரிக்குள் விழும். இரண்டாவதை ஒட்டி வந்தால் சுவரை இடிக்கும். பழைய கம்பி வளையாமல் இருந்தால் அதன் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

18 என்ற எண்ணை நம்பி மோசம் போனவன் நான். கால் அங்குலம் என்ன செய்துவிடும் என்று அளக்காமல் ஒன்றை வாங்கினேன். காலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சூடு ஏறி மூடியைத் திறந்து பார்த்தால், கம்பி ஒரு பக்கம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 46 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் கம்பி, 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஏறக்குறைய 2.5 மி.மீ. விரியும். பீங்கான் அந்த அளவுக்கு விரியாது. ஆகவே சுற்றிலும் அரை சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பிக் கிரீன் எக் 'லார்ஜ்' கம்பி பதினெட்டேகால் அங்குலம், கமாடோ ஜோ என்ற இன்னொரு நிறுவனத்தின் 'கிளாசிக்' 18 அங்குலம். பேச்சில் இரண்டுமே 'பதினெட்டு'தான்!

இனி உலோகம். நீங்கள் சமைப்பதைப் பார்த்தால் 304 வகை எவர்சில்வர்தான் என் தேர்வு. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவை நன்றாகத் தாங்கும். 430-ல் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. விலை குறைவு, உப்பும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் புள்ளி விழும். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டு எண்ணைச் சொல்லாத பட்டியலைத் தாண்டிப் போய்விடுங்கள். பொருள் வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். நேரான கம்பியில் படக்கென்று ஒட்டினால் அது 304 இல்லை. வளைத்த இடத்தில் லேசாக இழுத்தால் கவலை வேண்டாம், வளைக்கும்போது 304-க்கும் கொஞ்சம் காந்த குணம் வந்துவிடும். கம்பி பென்சில் பருமனாவது இருக்கட்டும். மெல்லிய கம்பி முழுக்கோழியின் கனத்தில் நாளாக நாளாகத் தொய்ந்துவிடும்.

வார்ப்பிரும்பு உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஸ்டேக்கில் கறுப்புக் கோடு அழகாக விழும் என்பது உண்மை. கனமான இரும்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் அது தோசைக்கல் மாதிரி. எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும், ஈரம் படாமல் எடுத்து வைக்க வேண்டும். தயிர், எலுமிச்சை, உப்பு என்று ஊறின கோழியின் மிச்சம் அதில் ஓர் இரவு கிடந்தால், மறுநாள் செங்காவித் துருதான். தவறிக் கீழே விழுந்தால் உடையவும் செய்யும். வாரம் தவறாமல் ஸ்டேக் சுடுபவருக்கு அது சரி. ஆசையாக இருந்தால் அரைவட்ட வார்ப்பிரும்பு ஒன்றை மட்டும் வாங்கி ஸ்டேக் நாளில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கிரில்லின் தாங்கியில் அரைவட்டம் நிற்குமா என்று பார்த்துவிட்டு. எனாமல் பூசியது புதிதில் ஒட்டாது, கழுவச் சுலபம். ஒருமுறை சில்லு தெறித்தால் அதற்கடியில் துரு ஓடும், பிறகு நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கே வருவீர்கள்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை வெட்டிப் போட்டால் காசு மிச்சமாகுமே?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய ஃபிரிட்ஜ் தட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். சூட்டில் அது விஷம். கடையில் கிடைக்கிற துத்தநாகம் பூசிய வலையும் அப்படியே. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், கரித்தணலின் சூடு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

கேள்வி: புதுக் கம்பியை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாமா?

பதில்: பிரஷ்ஷிலிருந்து உதிர்கிற மயிரிழைக் கம்பி உணவில் ஒட்டிக்கொண்டு தொண்டையிலும் குடலிலும் குத்தும். ரோட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸில் இப்படிப் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் அறிக்கையே வெளியிட்டது. மரச் சுரண்டி போதும். அதுவும் இல்லையென்றால் தோசைக்கல்லுக்குச் செய்வதையே செய்யுங்கள்: வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நீளமான முள்கரண்டியில் குத்தி, கம்பி சூடாக இருக்கும்போதே வெட்டிய பக்கத்தால் தேய்த்துவிடுங்கள்.