பழைய பியூஸ் பெட்டியை மாற்றலாமா? ஒரு சுங்கை சிப்புட் வயர்மேனின் பதில்கள்

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். டிபி பாக்ஸ், அதாவது வீட்டுக்கு வருகிற கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பியூஸ் பெட்டி, அதை மாற்றுவதைப் பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, எங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் எண்பதுகளில் போட்ட பீங்கான் பியூஸ்தான் இன்னும் இருக்கிறது. ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

தொல்லை கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குச் சந்தேகம். பியூஸ் என்றால் எப்போதாவது அறுந்திருக்க வேண்டும். என்றோ ஒரு ராத்திரி அது அறுந்து, கடை பூட்டியிருக்க, யாரோ வயரிலிருந்து செம்பு இழையை உரித்துச் சுற்றிவிட்டிருப்பார். அப்புறம் அது எங்கே அறும்? கூரைக்குள் ஓடுகிற வயர்தான் சூடேறும்.

ஒழுங்கான கம்பி போட்டிருந்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை இல்லை. 15 ஆம்பியர் பியூஸ் அறுவதற்கு 15 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதன் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற சுவிட்ச். ஆகவே மாற்றுங்கள்.

பியூஸ் பக்கத்தில் அப்பா காலத்து இ.எல்.சி.பி. (கசிவுக்கு விழுகிற பழைய சுவிட்ச்) ஒன்று இருக்கிறதே, அது போதாதா?

வீட்டு எர்த் வயர் அதற்குள் போய், அதிலிருந்து வெளியே வந்து மண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது பழைய வோல்ட்டேஜ் வகை. எர்த் வயர் வழியாகக் கசிந்தால்தான் அதற்குத் தெரியும். நீங்கள் வெறுங்காலில் நின்று நேராக லைவை, அதாவது கரண்ட் வருகிற வயரை, தொட்டால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். அது பேசாமல் இருக்கும். புது ஆர்.சி.சி.பி. லைவில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்க்கிறது. எந்த வழியில் குறைந்தாலும் சுவிட்ச் விழுந்து கரண்டை நிறுத்திவிடும். பழையதைக் கழற்றி, எர்த் வயரை நேராக எர்த் கம்பிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

போன மாதம் புது டிபி போட்டோம். மூன்று ஆர்.சி.சி.பி. வைத்தார்கள். அன்றிலிருந்து படுக்கையறை லைட்டைப் போட்டாலே டிரிப் ஆகி கரண்ட் நின்றுவிடுகிறது. சாமான் கெட்டதா?

சாமான் நல்லது. வயர் போட்டவர் பழைய வீட்டைப் படிக்கவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா நியூட்ரல் வயரும் பெட்டிக்குள் ஒரே கட்டையில் சேரும். அதனால் வயர் மிச்சம் பிடிக்க, ஹால் லைட்டின் நியூட்ரலையே அறை லைட்டுக்கும் இழுத்துவிடுவார்கள். பியூஸ் காலத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது லைவ் ஓர் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறது, நியூட்ரல் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. இரண்டுக்கும் கணக்கு இடிக்கும், டிரிப் ஆகும். நானே ஆரம்ப காலத்தில் பாகான் சிராயில் ஒரு வீட்டில் இதே தப்பைச் செய்துவிட்டு, ராத்திரி பத்து மணி வரை கூரைக்குள் கிடந்து ஒவ்வொரு நியூட்ரலாகத் தேடினேன். வீட்டுக்கார அம்மா இரண்டு முறை தேத்தண்ணி கொடுத்தார். மூன்றாவது முறை முறைத்தார்.

வந்து செய்தவரையே கூப்பிட்டு, எந்த லைட்டின் நியூட்ரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று ஒன்றொன்றாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 'ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராகக் கொடுத்துவிடலாம், தொல்லை தீரும்' என்று சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெட்டி மட்டும் புதுசாகி வயர் பழசாகவே இருந்தால் இப்படித்தான். ரப்பர் தோல் போட்ட பழைய வயர் என்றால் தொட்டாலே உதிரும். அதற்குப் புது டிபி போட்டுப் பயனில்லை, முதலில் வயரை மாற்றுங்கள்.

தம்பி, ஹீட்டரும் இரண்டு ஏர்கோனும் போடப் போகிறோம். மூன்று பேஸ் வேண்டுமா?

கணக்குப் பார்ப்போம் ஐயா. 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்றுக்கு நாலு ஆம்பியர் வையுங்கள். 2 கிலோவாட் மின்னடுப்பு ஒன்பது. எல்லாம் ஒரே நேரம் ஓடினாலும் 33 ஆம்பியர். ஒரு பேஸில் மின்சாரக் கம்பெனி டி.என்.பி. 12 கே.வி.ஏ. வரை, அதாவது 52 ஆம்பியர் அளவுக்குக் கொடுக்கிறது. உங்களுக்கு ஒரு பேஸ் தாங்கும். மீட்டரிலிருந்து டிபிக்கு வருகிற வயர் மெலிசாக இருந்தால் அதை மட்டும் பெரிதாக்க வேண்டும்.

ஹீட்டருக்குத் தனி வயர், தனி 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி. மற்றவற்றுக்கு 100 வரை போகலாம். இது என் சொந்தக் கருத்து இல்லை, 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள். வாங்கும்போது சிரிம் என்ற தரச் சோதனை நிறுவனத்தின் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மச்சான் மின்சார வேலை தெரிந்தவர். அவரே மாற்றலாமா?

சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த பெண்டாவாய், அதாவது வயர்மேன், சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா? இருந்தால் சரி. இல்லை என்றால் பதிவு பெற்ற குத்தகைக்காரரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் என்ற இரண்டு பாரங்களையும் கேட்டு வாங்குங்கள்: ஒன்று வேலை முடிந்ததற்கு, மற்றது சோதித்ததற்கு. மீட்டர் பக்கம் உள்ள சீலை மச்சான் மட்டுமல்ல, நானும் தொடக் கூடாது. அது டி.என்.பி.யின் சொத்து.

நாங்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம். மெயின் சுவிட்ச் பலகை கறுத்துப் போயிருக்கிறது. நாங்களே பணம் போட்டு மாற்றலாமா அண்ணே?

வேண்டாம் தங்கச்சி. வீடு தோட்டத்துடையது, பழுது பார்ப்பதும் தோட்டத்தின் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போட்டோ எடுத்து, கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) வாய்ச்சொல்லாக விடாமல், மானேஜருக்குக் கடிதமாகக் கொடுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். பலகை கறுத்தது சூட்டினால். அதுவரை இஸ்திரிப் பெட்டியையும் கேத்தலையும் ஒரே நேரம் போடாதீர்கள். புகையோ கருகல் வாடையோ வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

டிபி மாற்றினால் பில் குறையுமா?

குறையாது.

இடி இடித்தால் டிரிப் ஆகிறது. என்ன செய்யலாம்?

நம் ஊரில் மத்தியான மழை என்றாலே இடிதான். இடியால் பாய்கிற கரண்டை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்றை டிபியில் சேர்க்கலாம். ஆனால் எர்த் சரியில்லாமல் அது வெறும் அலங்காரம். நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி மண்ணில் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் அந்தக் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது சிமெண்ட் போட்டபோது வெட்டிப் போயிருக்கும். நான் மீட்டர் வைத்து எர்த்தின் தடை பத்து ஓமுக்குள் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் இன்னொரு கம்பி இறக்குவேன்.

தீபாவளிக்கு வாசலில் லிப்லாப் (விட்டுவிட்டு மின்னும்) விளக்கு போட்டால் மழை நாளில் வீடே இருட்டாகிறது. ஆர்.சி.சி.பி.யைப் பெரிதாக மாற்றலாமா?

மாற்ற வேண்டாம் அக்கா. விளக்கின் பிளக் இணைப்பு மழையில் கிடக்கிறது. அதைத் தூக்கிச் சுவரோரம் கூரைக்குள் வையுங்கள். டிரிப் ஆவது அதன் வேலை. மாதம் ஒரு முறை 'டெஸ்ட்' பட்டனை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாவிட்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வருகிறேன்.